பிரேக் மேல் என் கால் இல்லை

“பொம்பள காலு, பிரேக்க வுட்டு வராது நைனா.”

எங்கள் மெக்கானிக் என் மாமனாரிடம் இதைச் சொன்னபோது நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். அவனுக்கென்று போட்ட டீ என் கையில் இருந்தது. அப்படியே திருப்பிக் கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடியில் ஊற்றிவிட்டு வந்தேன். செடி பட்டுப்போனால் போகட்டும். வயதில் என்னைவிடச் சின்னவன் என்பதால் அவன் என்று எழுதுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை என்பதும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். வீட்டில் மாமனார், மாமியார், கணவர், நான். அப்புறம் அந்தக் கார். மாமனார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான் கல்யாணமாகி வந்தபோதே அது கிழட்டு வண்டி. உருண்டைக் கண், குண்டு முதுகு, பாசி நிறம். ரோட்டில் போனால் வயசானவர்கள் நின்று பார்ப்பார்கள், சின்னப் பையன்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். இருபது வருஷம் அதை மாமனார்தான் ஓட்டினார். கண்ணில் அழுத்தம் ஏறி ஒரு பக்கம் பார்வை மங்கியதும், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தி வாசலில் நிறுத்தினார்கள்.

கணவருக்கு மறைமலைநகரில் வேலை. கார் கம்பெனிகளுக்கு ரப்பர் சாமான் செய்து கொடுக்கிற ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காரைப் பற்றி எல்லாம் தெரியும்.

எனக்கு மாமல்லபுரத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவேன். இடுப்பில் கை வைக்கிறவனைக் குத்துவதற்கென்றே தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருந்தேன். வாசலில் ஒரு கார் போர்த்திக்கொண்டு தூங்குகிறது, நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன். இது என்ன நியாயம்? ஒரு நாள் யாரையும் கேட்காமல் டிரைவிங் ஸ்கூலில் பணத்தைக் கட்டிவிட்டேன். லைசன்ஸ் கைக்கு வந்ததும் மாமனார் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“போட்டோ சரியா வரல” என்றார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை அல்லவா, அது போதும் எனக்கு. அடுத்த திங்கட்கிழமை தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே. கிளம்புகிற அவசரத்திலும் “அத்தை, ஆறரைக்குள்ள வந்துடுவேன்” என்று சமையலறைப் பக்கம் ஒரு குரல் கொடுத்தேன். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம்தான் கேட்டது. அத்தை எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை.

முதல் வாரங்கள் ராஜாத்தி மாதிரி போய் வந்தேன். ஆபீசில் என்னை ‘கார்க்காரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் பிடித்தது சனி.

செங்கல்பட்டிலிருந்து கிளம்பும்போது வண்டி ஒழுங்காக ஓடும். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி வயல்வெளிக்குள் நுழைந்ததும் கனக்க ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் நகர மனசில்லாமல் முக்கும். பின்னால் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். பிரேக் பெடல் கல்லாக நிற்கும். கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகின நாற்றம் வரும். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் நாலு சக்கரமும் அனலாய்க் கொதிக்கும். பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்று ஆவி கிளம்பும். பிரேக் பிடிக்காத வண்டியைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுவார்கள். இது பிடித்த பிரேக்கை விடாத வண்டி. புளியமர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தானாக ஆறி, ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பும். நான் ஆபீசுக்கு லேட்டாகப் போய் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார் மாமனார். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஷெட் வைத்திருந்தவன். மாமனாருக்குக் கடைசி சில வருஷமாக அவன்தான் வண்டி பார்த்தான். என்ஜின் பக்கத்தில் பிரேக் ஆயில் ஊற்றுகிற ஒரு சின்ன டப்பா இருக்கும், மேலே கறுப்பு மூடி. உள்ளே அழுக்கு விழக்கூடாது என்று அந்த இடத்தையே பெட்ரோல் போட்டுத் துடைப்பான். மூடியைக் கழற்றுவான். நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் புகுந்திருக்கிற காற்றை வெளியே எடுப்பான். வண்டியை சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் விரட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவான்.

“வெண்ணெ மாதிரி போவுது நைனா. வண்டில ஒண்ணியும் இல்ல.”

அடுத்த சில நாள் எனக்கும் ஒழுங்காகப் போகும். அப்பாடா என்று நினைப்பேன். அடுத்த வாரம் அதே இடத்தில், அதே நாற்றம். திரும்பவும் அவன் வருவான். ஒரு தடவை பிரேக் ஷூ மாற்றினான். ஒரு தடவை சக்கர டிரம்மைக் கழற்றிக் கடைசல் போட்டான். சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் வாஷரெல்லாம் புதுப்பேட்டையில் தேடி வாங்கி வந்து போட்டான். கணவர் தன் பங்குக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸைக் கொண்டுவந்து அதன் மகிமையைச் சாப்பாட்டு நேரம் முழுக்க விளக்கினார். எதற்கும் அந்த வண்டி மசியவில்லை. அவன் ஓட்டினால் சமர்த்தாகப் போகும், நான் ஓட்டினால் நடுரோட்டில் படுத்துக்கொள்ளும்.

அப்போதுதான் அந்தத் தீர்ப்பு வந்தது. பொம்பள காலு, பிரேக்க வுட்டு வராது.

எவ்வளவு சௌகரியமான தீர்ப்பு, பாருங்கள். மெக்கானிக்குக் கெட்ட பெயர் இல்லை, வண்டிக்கும் இல்லை. நான் பயத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறேன், அதனால் சூடாகிறது, அதனால் பிடித்துக்கொள்கிறது. கதை முடிந்தது. மாமனார் தலையை ஆட்டினார்.

“இருபது வருஷம் நான் ஓட்டனேன். ஒரு நாள் மக்கர் பண்ணிச்சா? நீ கை வெச்ச நாள்லேருந்துதான் இந்த பேஜாரு.”

“மாமா, நான் கால வெக்கவே இல்ல.”

“உனக்கே தெரியாம வெக்கிற. அதான் வியாதியே.”

எனக்கே தெரியாமல் என் கால்! ரத்தம் கொதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரை இழுத்துப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். “ரோட்டப் பாக்காதீங்க, என் காலையே பாருங்க” என்றேன். மாமல்லபுரம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார் மனுஷன். முந்தின நாள்தான் மெக்கானிக் வந்து போயிருந்தான். வண்டி ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தது.

“பாத்தியா? நான் பக்கத்துல இருந்தா ஒழுங்கா ஓட்டற” என்றார். கடற்கரையில் வாங்கின சுண்டல் பொட்டலத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டேன், அதுவே அவர் செய்த புண்ணியம்.

வீட்டில் இன்னொரு எரிச்சலும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்ட ஆரம்பித்த பிறகு அத்தை வெள்ளிக்கிழமைதோறும் காருக்குப் பூஜை போட ஆரம்பித்திருந்தார். மாமனார் காலத்தில் ஆயுத பூஜைக்கு பானெட் மேல் வெளியே ஒரு பொட்டு, ஒரு பூ, அதோடு சரி. இப்போது அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாமனார் தண்ணீர், ஆயில் பார்க்க பானெட்டைத் தூக்கி வைப்பார். அத்தை கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வருவார். ஸ்டியரிங், டயர், ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் பொட்டு. அப்புறம் உள்ளே. வட்டமாக எது கண்ணில் பட்டாலும் நல்ல கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். என்ஜினுக்குள் ஒரு அம்மன் கோயிலே நடந்துகொண்டிருந்தது.

அது என்னைக் குத்துகிற மாதிரி இருந்தது. மாமா ஓட்டினபோது இல்லாத பூஜை எனக்கு மட்டும் எதற்கு? நான் எங்கேயாவது கொண்டுபோய் மோதிவிடுவேன் என்கிற பயம்தானே? அத்தை ஒரு தடவைகூட நான் ஓட்டுகிற காரில் ஏறினதில்லை. கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் நடந்தே போவார். இவரும் அந்தக் கட்சிதான் என்று மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயம், மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்காகப் பழைய கார் தேடிக்கொண்டிருந்த ஒருவரை மெக்கானிக் பிடித்துவிட்டான். கல்யாண மாப்பிள்ளை, பெண்ணை உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். ஓடினால் மட்டும் போதாதாம், பார்வையாக நிற்க வேண்டுமாம். மாமனார் வண்டியை விற்கச் சம்மதித்துவிட்டார், வாங்குகிறவரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். எனக்கு இந்தச் செய்தியைக் கணவர் படுக்கப்போகிறபோது சொன்னார், ஏதோ பால்காரன் நாளைக்கு வரமாட்டான் என்று சொல்கிற மாதிரி.

“என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?”

“அப்பாவோட வண்டி. நீ இன்னாத்துக்கு டென்ஷன் ஆவற? பஸ்ஸு ஓடலியா?”

பஸ்ஸு ஓடலியாவாம். எனக்குக் கார் போவதுகூடப் பெரிசில்லை. காரை விற்ற கதையோடு என் கால் கதையும் ஊரில் நிலைத்துவிடும். மருமகளுக்கு ஓட்டத் தெரியாமல் நல்ல வண்டியை விற்றார்கள் என்று இன்னும் எத்தனை கல்யாண வீடுகளில் பேசுவார்கள்! நான் செய்யாத தப்புக்கு நான் ஆயுசுக்கும் தலை குனிய வேண்டும். மாட்டேன் என்று இருட்டில் கூரையைப் பார்த்துச் சொன்னேன். கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரத் திங்கட்கிழமை காலை, மாமல்லபுரத்துக்கு முன்னால் கால்வாய்ப் பாலம் ஏறுகிற சரிவில் வண்டி நின்றுவிட்டது. ஏற்றத்தில் நிற்கிறது, ஒரு அங்குலம் பின்னால் நகரவில்லை. அந்த அளவுக்கு நாலு சக்கரத்தையும் கவ்விப் பிடித்திருந்தது. கைப்பிரேக் போட வேண்டுமென்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இறங்கி பானெட்டைத் தூக்கினேன். ஆபீசுக்கு ஏற்கெனவே லேட். உப்புக்காற்று முகத்தில் அடிக்கிறது. பஸ்ஸில் போகிறவன் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்கிறான்.

அந்தக் கறுப்பு மூடியை நான் அதுவரை தொட்டதில்லை. “அதுல மட்டும் கை வெச்சிராத மேடம், காத்து பூந்துக்கும்” என்று மெக்கானிக் எச்சரித்திருந்தான். ஆயில் இருக்கிறதா என்று பார்க்கக்கூடத் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விற்கப்போகிற வண்டியில் காற்று புகுந்தால் எனக்கென்ன, புயலே புகட்டும். சேலைத் தலைப்பால் பிடித்து ஒரு திருகு திருகினேன்.

ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது, சோடா பாட்டில் உடைக்கிற மாதிரி. அடுத்த கணம் வண்டி நகர்ந்தது. நான் முன்னால் நிற்கிறேன், வண்டி என்னை விட்டுப் பின்னால் போகிறது. ஐயோ என்று கத்திக்கொண்டு ஒரு கையில் மூடியோடு அதன் பின்னாலேயே ஓடினேன். அதாவது முன்னாலேயே. திறந்திருந்த டிரைவர் கதவை எட்டிப் பிடிப்பதற்குள் அது நிதானமாகச் சரிவில் இறங்கி, ரோட்டோர முள்ளுப் புதருக்குள் பின்பக்கத்தை நுழைத்து நின்றது. நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை. சைக்கிளில் மீன்கூடை வைத்துப் போன ஒரு அம்மா காலை ஊன்றி நின்றார்.

“இன்னாம்மா, பிரேக் இல்லியா?”

“இருக்குதுங்க! இப்பதான் வுட்டுச்சு!” என்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அந்த அம்மா பயந்துபோய் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

கையில் இருந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உச்சியில் சந்தனம். காய்ந்து, பொருக்குத் தட்டி, இறுகிப்போன சந்தனம், மேலே குங்குமம். சரட்டிலிருந்து ஊக்கை எடுத்துச் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அந்த டப்பா மூச்சு விடுகிற ஓட்டை. என்ஜின் சூட்டில் பிரேக் ஆயில் விரியும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வேண்டும். போக வழியில்லை. உள்ளேயே முட்டி முட்டி, ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளி, யாரும் மிதிக்காமலே பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக மூடியைத் துடைத்துக் கழற்றினான். அடைப்பு போய்விட்டது. தான் செய்த வேலையால் சரியானது என்று நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை வந்ததும் திரும்பப் பொட்டு. அத்தை மகள் வீட்டுக்கு காஞ்சிபுரம் போயிருந்த வாரம் வண்டி ஏன் ஒரு வம்பும் பண்ணவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அந்த வாரம் “இப்பதான் கால அடக்கி வெச்சிருக்க” என்று மாமனார் பாராட்டு வேறு கொடுத்தார்!

ரோட்டோரத்தில் நின்று நன்றாகச் சத்தம் போட்டுத் திட்டினேன். யாரை என்று கேட்காதீர்கள், எல்லாரையும்தான்.

திட்டி முடித்ததும் வேறொரு சங்கடம் வந்து உட்கார்ந்தது. இதை வீட்டில் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? என் கால் தப்பித்துவிடும், அத்தை மாட்டிக்கொள்வார். மாமனார் சும்மா விடுகிறவர் இல்லை. குழம்பில் உப்பு கூடினாலே ஒரு வாரம் சொல்லிக் காட்டுகிறவர். அத்தை அந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கு வருத்தம் இருந்தாலும், சாமி கும்பிட்டவரைக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்த எனக்கு மனசில்லை. அதற்காக என் காலைக் கூண்டிலேயே விட்டுவிடவும் மாட்டேன். சந்தனத்தைச் சொல்லக்கூடாது, ஓட்டையை மட்டும் காட்ட வேண்டும், அதுவும் அவர்கள் ஓட்டும்போது காட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு வாரத்தை ஓட்டினேன். ஓட்டையில் தினமும் ஊக்கை விட்டு எடுத்தேன், வண்டி பறந்தது.

வெள்ளிக்கிழமை அத்தை வழக்கம்போல் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் திண்டாடித்தான் போனேன். கறுப்பு மூடி மேல் அவர் விரல் கெட்டியாகப் பொட்டு வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டேன், ஞாயிறு வரைக்கும் வண்டியைத் தொடவில்லை.

ஞாயிறு காலை அந்த ஓட்டல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர்தான், என் சண்டை அவரோடு இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மெக்கானிக் ஸ்பேனர் பையோடு வந்து பானெட் பக்கம் போனான். நான் குறுக்கே நின்றேன்.

“எதையும் தொடக்கூடாது.”

“இன்னா மேடம், ஒரு தபா செக் பண்ணிக்கறேன்.”

“வண்டில ஒண்ணியும் இல்லன்னு சொன்னது நீதான? இல்லாதத என்னாத்த செக் பண்ணுவ? இப்படியே எடு. மகாபலிபுரம் வரைக்கும் நிறுத்தாம ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டன்னா வித்துடுங்க. நான் சாகுற வரைக்கும் பஸ்லயே போறேன், ஸ்டியரிங்கப் பத்திப் பேச மாட்டேன்.”

“ஏய், வாய அடக்கு” என்றார் கணவர்.

“காலத்தான் அடக்கச் சொல்லிகினு இருந்தீங்க, இப்ப வாயா?”

ஓட்டல்காரர் சிரித்துவிட்டார். எப்படியும் ஓட்டிப் பார்க்கத்தானே வந்தேன் என்றார். அதற்கு மேல் மாமனாரால் மறுக்க முடியவில்லை. மெக்கானிக் ஸ்டியரிங்கில். பக்கத்தில் மாமனார். பின்னால் ஓட்டல்காரர், கணவர், ஓரத்தில் ஒடுங்கி நான். அத்தை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் மெக்கானிக் பேசிக்கொண்டே வந்தான். இந்த மாதிரி வண்டி இனிமே எவன் செய்யறான் நைனா, எப்படி ஒரு இழுப்பு பாரு, அது இது. மலை பின்னால் போயிற்று. வயல் வந்தது. அவன் பேச்சு குறைந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினான். நான் முன் சீட்டுக்கு மேல் எக்கி, அவன் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன்.

“இன்னா தம்பி, கால பிரேக்லேருந்து எடுக்க மாட்டேங்கறியே?”

“நான் வெக்கவே இல்ல மேடம்!”

“உனக்கே தெரியாம வெக்கிற. அதான் வியாதியே.”

மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்றம் வந்தது. கணவர் மூக்கை உறிஞ்சினார். இன்னும் கொஞ்ச தூரம் முக்கி முனகிப் போய், வெட்டவெளியில், நாலு ஆம்பிளைகளோடு வண்டி நின்றது. மெக்கானிக் இரண்டு காலையும் தூக்கி சீட்டு மேல் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்திப் பார்த்தான், நான் பொய் சொல்லவில்லை. வண்டி அசையவில்லை. அந்தக் கண்கொள்ளாக் காட்சியைக் கொஞ்ச நேரம் ஆசைதீரப் பார்த்தேன்.

அப்புறம் இறங்கிப்போய்க் கைப்பிரேக்கை இழுக்கச் சொன்னேன். பானெட்டைத் தூக்கி, எல்லாரும் பார்க்க, மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ். ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்தினேன்.

“இது மூச்சு வுடற ஓட்டை. அடைச்சிருந்தா பிரேக் தானா பிடிக்கும். நான் ஓட்டினாலும் பிடிக்கும், நீங்க ஓட்டினாலும் பிடிக்கும். பின்னாடி போ தம்பி, நான் ஓட்டறேன்.”

“எப்டிம்மா அடைச்சுது?” என்றார் ஓட்டல்காரர்.

“தூசி” என்றேன்.

ஆனால் மெக்கானிக் மூடியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டான், படுபாவி. “சந்தனம் நைனா!” என்று கூவினான். மாமனார் முகம் போன போக்கைப் பார்த்தேன். நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். வண்டி வழியில் ஒரு தடவைகூட முனகவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் அத்தைக்கு என்ன காத்திருக்கிறதோ என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

நினைத்தது போலவே ஆயிற்று. கூடத்தில் கால் வைத்ததும் மாமனார் ஆரம்பித்தார். ஓட்டல்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மெக்கானிக் வாசலில் நிற்கிறான், எதையும் பார்க்கவில்லை.

“அறிவு இருக்குதா உனக்கு? என்ஜினுக்குள்ள எவளாவது சந்தனத்த அப்புவாளா? மாசக்கணக்கா வண்டிய நாசம் பண்ணிகினு இருந்திருக்க. கடைசில பொம்பள வேலதான்னு நான் சொன்னது சரியாப் போச்சு! இருபது வருஷம் ஓட்டனேனே, ஒரு நாள் மக்கர் பண்ணிச்சா?”

“மாமா, அத்தைக்கு என்ன தெரியும்...” என்று நான் குறுக்கே போனேன். அத்தை என் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். கை ஈரமாக இருந்தது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் கூடத்தில் வெளி ஆம்பிளைகள் இருக்கும்போது அவர் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தார்.

“இருபது வருஷம் ஓட்டனீங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “என்னிக்காவது உள்ள பொட்டு வெச்சனா? எங்க போறேன்னு சொல்ல மாட்டீங்க, எப்ப வருவேன்னு சொல்ல மாட்டீங்க. வந்தா சோறு போடுவேன், வராட்டி தண்ணி ஊத்தி வெப்பேன். உங்களுக்காக எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்ல. இவ வாசல்ல நின்னு, அத்த, ஆறரைக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போறா. ஆறு மணிலேருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கறேன். இந்தப் பொண்ணு வூடு வந்து சேரணும்னு வெச்சேன். தப்பான எடத்துல வெச்சுட்டேன். அவ்ளோதான்.”

அத்தை ஓட்டல்காரர் பக்கம் திரும்பினார்.

“வண்டி விக்கலைங்க. காப்பி சாப்பிட்டுப் போங்க.”

மாமனாரை மீறி அந்த வீட்டில் இன்னொருவர் பேச்சு எடுபட்டது அன்றைக்குத்தான். ஓட்டல்காரர் எழுந்து அத்தைக்குக் கும்பிடு போட்டார். மெக்கானிக் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினான். கணவர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அந்த வண்டி என்னை எத்தனை மாசம் நடுரோட்டில் நிறுத்தி அவமானப்படுத்தியிருக்கும், என் காலைப் பற்றி ஊரே பேசியிருக்கும். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை நான். அன்றைக்கு நடுக்கூடத்தில் நின்று, அத்தையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். மூன்று ஆம்பிளைகள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.